சிவப்பு மண்ணுக்கு மேலே

என் மகள் பிரசாந்தினி வயிற்றோட்டத்தில் செத்தாள். மூன்று வயது. தேயிலைத் தோட்டத்து டொக்டர் ஐயா மரணப் பதிவேட்டில் காரணம் எழுதினார்: தாயின் சுத்தக்குறைவு. காலைப் பெரட்டில், வேலைக்குப் போக நின்ற அத்தனை பெண்களுக்கும் முன்னால் தோட்டத்து மனேஜர் துரை அதை வாய்விட்டு வாசித்தார்.

"நீங்க நூறு வருசமா இப்படித்தான். குடிக்கிற கொளத்த நீங்களே நாறடிக்கிறது" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அவர் சொன்னதை நம்பியும் விட்டேன். ஒரு மாதம் சட்டி பானையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், அதே குளத்துத் தண்ணீரில்.

இரண்டாயிரத்து மூன்று அது. குளத்தைச் சோதிக்கப் பதுளையிலிருந்து அரசாங்க ஆய்வாளர் சுலோஜனா மிஸ் வந்தார், யாழ்ப்பாணத்து ஆள். படகிலிருந்து நீளக் குழாயைச் சேற்றில் இறக்கி இழுத்து, கரையில் சாக்கின்மேல் நெடுக்காகப் பிளந்தார். கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தோம். துரையும் நின்றார்.

"அடியில கிடக்கிறது பழைய சேறு. மேல வர வரப் புதுசு" என்றார் மிஸ்.

அடியில் முழ நீளத்துக்கு நல்ல பழுப்பு. அதற்கு மேலே செங்கல் நிறத்தில் ஒரு பட்டை. அதற்கும் மேலே நான்கு விரல் உயரத்துக்குக் கறுப்பு, மூக்கைக் கொண்டுபோக முடியாத நாற்றம்.

"இந்தச் சிவப்பு எப்ப வந்ததெண்டு தெரியுமோ?"

தெரியாதா? தொண்ணூற்றிரண்டாம் வருட மண்சரிவில் குளத்துக்குள் இறங்கிய மண் என்றேன். எங்கள் லய வீடுகளும் கக்கூசும் சேர்ந்து போனது அன்றுதான். மூன்று மாதத்துக்கு என்று சொல்லி, குளத்துக்கு மேலே தகரக் கொட்டில்களில் நாற்பது குடும்பங்களைத் தோட்ட நிர்வாகம் அடைத்தது. கக்கூஸ் கட்டவில்லை. பதினொரு வருடமாக மழை எல்லாவற்றையும் குளத்துக்கு இறக்கியது.

துரை சிரித்தார். "அப்ப கறுப்பு ஒங்க அழுக்குதானே?"

"ஆமாங்க, எங்க அழுக்குதான். செவப்புக்குக் கீழ இருக்கற காலத்துலயும் இங்க இருந்தது எங்க சனந்தான். அப்ப கக்கூஸ் இருந்துச்சு, கொளம் சுத்தமா இருந்துச்சு. நூறு வருசம்னு சொன்னீங்களே, எங்க இருக்கு? வெரல வச்சுக் காட்டுங்க!" என்றேன்.

அவர் ஜீப்பைப் பார்த்து நடந்தார். நாங்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. கூடையோடு நேரே மருந்தகத்துக்குப் போனோம். டொக்டர் ஐயா பயந்துபோய்ப் பதிவேட்டில் அந்த வரியை வெட்டி, 'குளத்து நீர்' என்று எழுதினார்.

"கொளத்த கெடுத்தது யாருன்னும் எழுதுங்க."

"அதெல்லாம் எழுத ஏலாது, ஜெசிந்தினி." பேனாவை மூடினார்.

பிடுங்கினேன். எனக்கு எழுதத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. 'தோட்ட நிர்வாகம்' என்று, என் மகளின் பெயருக்கு நேரே, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன்.