கை சொன்ன வயது

டாக்டர் சுஷமா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டுத் திரும்பியபோது, என் கணவர் ஸைதலவி கூரையில் சுற்றாமல் நின்ற மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்தால் எங்கோ தப்பு செய்திருக்கிறார் என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"உங்க பொண்ணுக்கு வலது கால் ரெண்டரை சென்டிமீட்டர் குட்டை. அது சரி. ஆனா வயசு பார்க்க எடுத்த இந்தக் கை எலும்பு பன்னெண்டுன்னு சொல்லுது. நீங்க சீட்டுல பத்துன்னு சொல்லியிருக்கீங்க. நான் எதை நம்பிக் கணக்குப் போட?" என்றார் டாக்டர்.

எங்கள் மலப்புறத்துப் பக்கம் கால்பந்துப் பைத்தியம் பிடித்த வாப்பாமார்களின் பிள்ளைகளுக்கு இரண்டு வயது உண்டு. பெற்றவளுக்குத் தெரிந்தது ஒன்று, போட்டிக் கமிட்டிக்குத் தெரிந்தது இன்னொன்று. எங்கள் மகள் நஸ்மின் நிஜமாகவே பத்து வயதில், பத்து வயதுக்காரர்கள் போட்டியில் பையன்களோடு ஆடிக் கோப்பை வாங்கிவந்தாள். அதோடு இவருக்கு ஆசை தலைக்கேறி, மகளைப் பத்திலேயே நிறுத்திவைத்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஆஸ்பத்திரியிலும் அதையே சொல்லியிருக்கிறது. எலும்பு கமிட்டி பேச்சைக் கேட்குமா?

"பத்துன்னா ரெண்டு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்," என்றார் டாக்டர். "பன்னெண்டுன்னா பொறுக்க நேரமில்ல. பொண்ணுங்களுக்குப் பதினாலோட வளர்த்தி நின்னுடும். இப்பவே நீளக் காலோட முட்டிகிட்ட சின்னத் தகடு வெச்சு, அதோட வளர்ச்சியைப் பிடிச்சு நிறுத்தணும். குட்டைக் கால் மெதுவா வந்து சேர்ந்துக்கும்."

நான் நாற்காலியை முன்னால் இழுத்தேன். "நல்ல காலையா வெட்டுவீங்க? குத்தம் ஒண்ணோடது, தண்டனை இன்னொண்ணுக்கா?"

"முன்னால ஓடுறவனைக் கொஞ்சம் நில்லுடான்னு பிடிச்சு வைக்கிறோம் தாத்தா. அவ்வளவுதான்," என்று சிரித்தார். எங்கள் பக்கம் அக்காவைத் தாத்தா என்போம். "வியாழக்கிழமை இடம் இருக்கு. அதை விட்டா ரெண்டு மாசம் ஆகும். ஒவ்வொரு மாசமும் நஷ்டம்தான்."

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி. நஸ்மின் என் விரலை நசுக்கிப் பிடித்தாள். சொல்லாதே என்கிறாளா, சொல் என்கிறாளா, எனக்கே புரியவில்லை. அவள் வலது காலணிக்கு அடியில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு, அது செங்கல் மாதிரி ஆகிவிட்டது. அதையும் இழுத்துக்கொண்டுதான் ஓடுகிறாள், என் தங்கம்.

"இந்தாங்க," என்றேன். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினார். கண் கலங்கியிருந்தது. "பன்னெண்டு, டாக்டரே. வர்ற நோம்புக்குப் பதிமூணு."

"அப்ப ஃபைனலு?" என்றாள் நஸ்மின்.

"நீ இல்லாமத்தான்டீ மோளே," என்று அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அன்றைக்கே கமிட்டிக்குப் போய், வயதைச் சொல்லிப் பெயரை அடிக்கச் சொன்னதும் அவர்தான். பொய் வயதில் வாங்கிய போன வருஷக் கோப்பையையும் திருப்பிக் கேட்டார்களாம். அதைத் துடைத்துத்தான் கொடுத்தேன். எங்களுக்கும் மானம் உண்டு.

வியாழக்கிழமை தகடு வைத்து முடிந்தது. ஞாயிறு சாயங்காலம் மைதானத்துக் காலரிப் பலகையில் நஸ்மினை நடுவில் உட்கார்த்தி, ஊன்றுகோலை நான் மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் அணிக் கோல்கீப்பர் எங்கள் பக்கம் வந்து நின்றான். மேலுதட்டில் நல்ல மீசை. நஸ்மின் கையைக் குவித்துக் கத்தினாள்:

"ஸாரே! அவன் கையை ஒரு எக்ஸ்ரே எடுங்க!"

காலரியே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நடுவரும் சிரித்தார். பையன் மீசையைக் கையால் மறைத்தான். மைதானத்தில் மின்விசிறி ஏது, ஸைதலவி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் தொடங்கியது. பலகையிலிருந்து மகளின் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டுப் போட்ட இடது கால் அடங்கிக் கிடந்தது. குட்டை வலது கால் மட்டும், பந்து போகிற பக்கமெல்லாம் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது.