சம்மதக் கடிதம்

மொன்டானாவிலிருந்து எல்லை தாண்டி, கனடாவின் அரசுக் காட்டில் கூடாரம் போட வேண்டும் என்று என் மகள் டெல்லா மூன்று வருடமாக நச்சரிக்கிறாள். பெரியவளாகாத பிள்ளையை அப்படி நாடு தாண்டி அழைத்துப்போக, என்னை விட்டுப் பிரிந்த அவள் அப்பாவின் சம்மதக் கடிதம் வேண்டும். "உங்கப்பா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு" என்றே சொல்லிவந்தேன். உண்மையில், அந்த மனுஷனிடம் போய் நிற்க வீம்பு விடவில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இந்த வருடம் அவளே அவனுக்குப் போன் போட்டுவிட்டாள்.

இன்று கூடார மூட்டையை வண்டிமேல் கட்டி முடித்தபோது அவள் அப்பா லைல் வந்தான். ஒரு கையில் நோட்டரி முத்திரை குத்திய கடிதம், மறு கையில் கரடி விரட்டும் ஸ்ப்ரே.

"ஏண்டா கண்ணு, இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு அப்பாகிட்ட முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?"

டெல்லா திரும்பி என்னையே பார்த்தாள்.

நான் கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.