எல்லாக் கடையிலும் போணி ஆகிவிட்டது

மல்லசமுத்திரம் பழைய சந்தை வீதிக்கு என்னதான் வந்தது என்று தமிழ்ச்செல்விக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடாத விஷயத்தை விட்டுத் தொலைக்கிறவளும் அல்ல அவள். சேலையின் முந்தியைக் காட்டினால் போதும், இன்ன நிறத்து ஜாக்கெட் துணிதான் பொருந்தும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அப்படிப்பட்டவளுக்கு, தன் கடை இருக்கிற வீதி ஏன் ஈயோட்டுகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

அந்த வீதியில் அவள் ஒரு மேட்சிங் சென்டர் வைத்திருந்தாள். ஜாக்கெட் துணி, லைனிங், சேலை ஃபால்ஸ், அவ்வளவுதான் சரக்கு. பைபாஸ் ரோட்டில் புதுக் காம்ப்ளக்ஸ் வந்த பிறகு கூட்டமெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. டீக்கடைக்காரர்கூட பாய்லரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார். போர்வெல் போடுகிற ரிக் லாரியில் வடக்கே சுற்றுகிற அவள் புருஷன் ஆனந்தகுமார் போனில் தீர்த்துச் சொல்லிவிட்டான். ஐப்பசி பிறந்ததும் கடையைக் காலி பண்ண வேண்டும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தெரிந்தவர் ஜவுளிக்கடையில் இவள் சேல்ஸுக்குச் சேர வேண்டும். அடுத்தவர் கடையில், அடுத்தவர் துணியை, நாள் பூராவும் நின்றபடி எடுத்துப் போடுவதா?

வீதிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்று யாரும் வாய்கூசாமல் சொல்ல முடியாது. பாத்திரக்கடை மருதாசலம் முன்னே நின்றார். எல்லாரும் சேர்ந்து சாக்கடையைத் தூர் வாரினார்கள், ஷட்டருக்கெல்லாம் ஒரே மாதிரி நீலம் அடித்தார்கள், வீதி முழுக்கச் சீரியல் விளக்குக் கட்டினார்கள். தங்கள் வண்டிகளைப் பின்சந்தில் நிறுத்திவிட்டு, கடை முன்னால் வருகிறவர்களுக்கு இடம் விட்டார்கள். விளக்கு ஏற்றிய அன்று வந்தவர்களுக்கெல்லாம் ரவா கேசரி கொடுத்தார்கள். கேசரி தீர்ந்தது, கூட்டமும் தீர்ந்தது. மறுநாள் பழையபடி நீல ஷட்டரும் காக்காயும்தான்.

காரணம் சொல்ல மட்டும் பஞ்சமே இல்லை. எல்லாம் ஆன்லைன் பண்ணுகிற வேலை என்றார் மருதாசலம். ஃபேன்சி ஸ்டோர் ஸ்ரீதேவி வீதிக்கு வாஸ்து சரியில்லை என்றாள். செருப்புக்கடை தங்கமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு திருஷ்டிப் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிட்டார். தமிழ்ச்செல்விக்கு இது எதிலும் மனசு ஒட்டவில்லை. அவள் பார்த்த விஷயமே வேறு.

பஸ் நிறுத்தம் வீதி முனையில்தான் இருக்கிறது. இறங்குகிற பெண்கள் வீதிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். விளக்கைப் பார்த்து ஏதோ பேசிக்கொள்வார்கள். பிறகு நல்ல வெயிலில், அரிசி மில் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பைபாஸுக்குப் போவார்கள். குறுக்கே இந்த வீதியில் நடந்தால் பாதித் தூரம், அதுவும் நிழல். வாங்காவிட்டால் போகட்டும், நடக்கக்கூடவா கசக்கிறது? இந்தக் கேள்வி வந்த அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஷட்டரை இழுத்துவிட்டு, அந்தப் பெண்களின் பின்னாலேயே கிளம்பிவிட்டாள்.

காம்ப்ளக்ஸில் அவள் கண்ட அதிசயம் ஒன்றும் இல்லை. துணி இவளுடையதைவிட மட்டம், விலையும் கூடுதல். ஆனாலும் பெண்கள் உள்ளே போனார்கள், தொட்டார்கள், பிரித்தார்கள், கையை வீசிக்கொண்டு வெளியே வந்தார்கள். கல்லாவில் இருந்தவன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அவர்களோடு திரும்பி நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் பூவாத்தாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் காட்டூர்க்காரி. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, தன் கூட்டத்துப் பெண்களோடு திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். தமிழ்ச்செல்வி சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டாள், எங்கள் வீதிக்குள் காலெடுத்து வைக்க என்னதான் தடை என்று.

பூவாத்தாள் சிரித்தாள். "அந்த வீதிக்கு எந்நேரம் வந்தாலும் நாந்தாஞ் சாமி போணி. காத்தால போனாலும் போணி, உச்சிக்குப் போனாலும் போணி. ஒரு பொருளைத் தொட்டுட்டு எடுக்காம வெளிய வந்தா மூஞ்சியச் சுண்டறாங்க. அதுக்குப் பயந்தே நாங்க அக்கட்டால சுத்திப் போறமுங்க."

"யாரு கடையிலுங்க அப்படி?"

"எல்லாக் கடையிலயுந்தான். உங்க கடையில, போணி நேரத்துல வந்து கையை வீசிட்டுப் போறியேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்க அம்மிணி. மறந்துட்டீங்களாட்டிருக்குது."

தமிழ்ச்செல்விக்கு முகம் செத்துப்போனது. மறக்கவில்லை. வாரத்தில் பல நாள் யாரிடமாவது சொல்கிற வார்த்தைதான் அது. இந்த வீதியில் அது வழக்கம். நாளின் முதல் வியாபாரம் நல்லபடி முடிந்தால்தான் அன்றைய பொழுது விளங்கும். அதுவரை கடன் கிடையாது, எடுத்ததை மாற்றித் தருவது கிடையாது, வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவதும் கிடையாது. வியாபாரம் ஓகோவென்று நடந்த காலத்தில் போணி கடை திறந்த கையோடு முடிந்துவிடும், யாருக்கும் உறைக்காது. ஆள் வரத்துக் குறையக் குறையப் போணி மத்தியானத்துக்குத் தள்ளிப் போயிற்று. சில நாள் சாயங்காலம்கூட ஆகிவிட்டது. அதுவரை வருகிறவரையெல்லாம் இவர்கள் பிடித்துத் தொங்க, அந்தத் தொங்கலுக்குப் பயந்தே அடுத்தவர் வராமல் நின்றார்கள். அட, இதுவா விஷயம் என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது.

அன்று சாயங்காலம் மருதாசலத்தின் கடையில் எல்லாரையும் கூட்டிச் சொன்னாள். சொல்லி முடிக்கவிட்டால்தானே! மருதாசலம் கையிலிருந்த சொம்பை ணங்கென்று வைத்தார். தன் அய்யன் காலத்திலிருந்து வருகிற போணியை விடச் சொல்ல இவள் யார் என்று எகிறினார். தமிழ்ச்செல்வி விடச் சொல்லவில்லை. சீக்கிரம் முடித்துக்கொள்ளலாமே என்றுதான் சொன்னாள். காலையில் கடை திறந்ததும் ஒருவர் அடுத்தவர் கடையில் ஏதாவது ஒன்று வாங்குவது. அவர் அதற்கடுத்தவர் கடையில். இப்படியே சுற்றி வந்தால் வெயில் ஏறுவதற்குள் வீதிக்கே போணி ஆகிவிடுமே.

நமக்கு நாமே பண்ணிக்கொண்டால் அது போணியா என்று பெரிய விவாதம் கிளம்பியது. செல்லும் என்றாள் ஸ்ரீதேவி. சாமி ஒத்துக்கொள்ளுமா என்றார் தங்கமுத்து. அவர்தான் பிறகு பெரிய முட்டுக்கட்டையையும் போட்டார். போணி ஆகும் முன்னே கல்லாவிலிருந்து காசு வெளியே போகக்கூடாதே, அப்படியானால் முதலில் வாங்குகிற ஆள் யார்? கல்லாவே இல்லாத ஒரு வெளியாள் வந்து முதல் கை வைத்தால் சரிதான் என்று கடைசியில் மருதாசலமே இறங்கி வந்தார். அந்த முதல் கை யாருடையது என்று தமிழ்ச்செல்விக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போய்க் கேட்கத்தான் கால் வரவில்லை.

ஆனாலும் போனாள். பூவாத்தாள் பால் கேனைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"போணிக்கு ஆகாதவன்னு தொரத்துனீங்க. இப்பப் போணி பண்ணக் கூப்படறீங்க."

"நாஞ் சொன்னது தப்புத்தானுங்கக்கா" என்றாள் தமிழ்ச்செல்வி. வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

"சரி, வாரேன். ஆனா எடுக்கறதும் எடுக்காததும் எம்பட இஷ்டம்."

ஐப்பசி முதல் தேதிதான் அந்த நாளாக அமைந்தது. ஆனந்தகுமார் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தான். வந்ததும் வராததுமாகப் பாதித் துணியை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, லாரிக்காரன் முடிச்சாகப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டான். இந்தப் போணிக் கூத்தை மட்டும் பார்த்துவிடுங்கள், பிறகு நீங்கள் சொல்கிறபடி என்று இவள் கெஞ்சியிருந்தாள். பார்க்கலாம் என்று பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

பூவாத்தாள் வந்தாள். மருதாசலம் வாசலில் கைகூப்பி நின்றார். அவளோ அவரைத் தாண்டி நேராகத் தமிழ்ச்செல்வி கடைக்குள் நுழைந்தாள். பச்சையை எடுக்கச் சொன்னாள். இந்தப் பச்சை இல்லை, கிளிப்பச்சை என்றாள். அரக்கு, ஊதா, மயில் கழுத்து எல்லாவற்றையும் பிரிக்கச் சொல்லி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். மேஜை மேல் துணி மலை மாதிரி குவிந்தது. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "மனசுக்குப் புடிக்கல அம்மிணி. வாரேன்" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

நாளின் முதல் ஆள், அதுவும் வெறுங்கையோடு! சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த வார்த்தை தமிழ்ச்செல்விக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெட்டி மேலிருந்து புருஷன் பார்க்கிற பார்வை வேறு முதுகில் குத்தியது. இத்தனை பேரையும் இழுத்துவிட்டுக் கடைசியில் என் கடையா போணியில்லாமல் நிற்க வேண்டும் என்று அழுகை முட்டியது.

"அதுக்கென்னங்க்கா, புடிச்சாத்தான எடுக்கோணும். போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க உட்கார்ந்தாள்.

பூவாத்தாள் பாத்திரக்கடையில் ஒரு கரண்டி வாங்கினாள். மருதாசலம் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஸ்ரீதேவி கடைக்குப் போய்ச் சீப்பு வாங்கினார். ஸ்ரீதேவி அடுத்த கடைக்கு ஓடினாள். இப்படியே வீதியைச் சுற்றி வந்து, கடைசியாகத் தங்கமுத்து தமிழ்ச்செல்வியிடம் ஒரு கைக்குட்டை வாங்கினார். ஸ்ரீதேவி வீதி முனையில் ஒரு கரும்பலகையை நிறுத்தி எழுதினாள்: 'இன்று எல்லாக் கடையிலும் போணி ஆகிவிட்டது. பார்த்துவிட்டுச் சும்மாவும் போகலாம்.'

பஸ்ஸில் இறங்கியவர்கள் படித்துவிட்டுச் சிரித்தார்கள். சிரித்ததோடு சரி, யாரும் உள்ளே வரவில்லை. ஆனந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தான். வண்டி வரச் சொல்லட்டுமா என்று மெல்லக் கேட்டான். அவள் மயில் கழுத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பூவாத்தாள் பஸ் நிறுத்தத்துப் பெண்களை மொத்தமாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எடுக்காமப் போனா மூஞ்சி சுண்டுதான்னு பாத்துட்டு வான்னு இவளுகதான் அனுப்புனாளுக. சுண்டலைன்னு போயிச் சொன்னேன்" என்றாள்.

கடைக்குள் நிற்க இடமில்லை. ஆளுக்கொன்றைத் தொட்டார்கள், பிரித்தார்கள். இரண்டு பேர் பார்த்துவிட்டுச் சும்மாவே போனார்கள், அடுத்த கடைக்கு. ஒருத்தி பையிலிருந்து தீபாவளி நோம்பிச் சேலையை எடுத்து விரித்து, இதற்கு மாம்பழக் கலர் இருக்குமா என்று கேட்டாள். தமிழ்ச்செல்வி அலமாரியில் தேடிவிட்டுத் திரும்பினாள்.

"ஏனுங்க, கொஞ்சம் எந்திரிங்க. மாம்பழக் கலரு நீங்க உக்காந்திருக்கற பெட்டிக்குள்ளதான் கெடக்குது."

ஆனந்தகுமார் எழுந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். அவன் போட்ட முடிச்சு அவனுக்கே மசியவில்லை. பெண்கள் எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை அறுத்தான். ஒரு பெட்டியோடு நிறுத்தவில்லை, மிச்சப் பெட்டிகளின் கயிற்றையும் வரிசையாக அறுத்துக்கொண்டே போனான்.