அன்னப்பறவை ஸ்னோ

எனக்கு இரண்டு தாய்மார். பெற்றவள் சபூரா. பால் கொடுத்துப் பிழைக்க வைத்தவள் பொன்னம்மா. முதலாமவளை அம்மா என்றும் இரண்டாமவளைப் பெரியம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தேன். இது நடந்தபோது நான் கைக்குழந்தை. அதனால் நான் சொல்லப்போவதெல்லாம் அவர்கள் வாயால் கேட்டதுதான். ஒருத்தி சொல்லச் சொல்ல இன்னொருத்தி குறுக்கே புகுந்து திருத்துவாள். இருவரும் ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

1937ஆம் வருஷம். பிஜித் தீவில், லோவு என்ற ஊரில், கரும்பு ரயில் தண்டவாளத்தை ஒட்டி என் அத்தா ஹனீஃப் சிறிய கடை வைத்திருந்தார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சோப்பு, வளையல். சரக்கு எடுக்கத் துறைமுக ஊரான லௌடோக்காவுக்குப் போனவர் ஒருநாள் ஒரு வெள்ளைக் கண்ணாடி டப்பாவோடு வந்தார். மூடியில் தண்ணீரில் மிதக்கும் அன்னப்பறவைப் படம். "முகத்துக்குப் பூசுற ஸ்னோவாம். கப்பல்ல புதுசா வந்திருக்கு. நீ பூசிப் பாரு, நல்லா இருந்தா கடைக்கு வாங்கலாம்" என்று அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா நல்ல கறுப்பு. அத்தா அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் கல்யாணத்தின்போது அவர் பக்கத்துச் சொந்தக்காரப் பெண்கள் சொன்ன சில பேச்சுகள் அம்மாவின் மனதில் முள்ளாகத் தைத்திருந்தன. காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை என்று பூச ஆரம்பித்தாள். சில வாரங்களில் முகம் வெளுத்தது. உப்பு வாங்க வந்த பெண்கள் உப்பை மறந்துவிட்டு நின்றார்கள்.

"முகத்துக்கு என்னம்மா பண்ணின?"

கடைக்கென்று அத்தா வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்த டப்பாக்களை அம்மா கை காட்டினாள். அதற்குப் பிறகு லோவுவிலும் அடுத்திருந்த தோட்டங்களிலும் அன்னப்பறவை நுழையாத வீடு குறைவு. கடைக்கு வேறு விளம்பரமே தேவைப்படவில்லை; அம்மாவின் முகமே போதுமாக இருந்தது.

"எனக்கு அது பிடிச்சிருந்துச்சுடா நபி" என்று பிற்காலத்தில் மறைக்காமல் சொல்வாள். "பொறந்ததுலேருந்து யாரும் என் மூஞ்சியைப் பார்த்து நின்னதில்லே. அப்பத்தான் நின்னாங்க."

எனக்கு ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவள் வாயில் செம்புக் காசை அடக்கி வைத்தது போல ஒரு ருசி வந்தது. சோறு, மீன், தேநீர் எல்லாம் அதே ருசி. ஈறுகள் வீங்கி, பல் துலக்கினால் ரத்தம் வந்தது. பிறகு கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. முகமும் காலும் காலையில் ஊதிப்போயின. தூக்கம் போயிற்று, கோபம் வந்தது. எதற்கும் அதிர்ந்து பேசாதவள், அத்தா தேநீரில் சர்க்கரை போதவில்லை என்று சொன்னதற்குக் கோப்பையைத் தூக்கி எறிந்தாளாம்.

அதைவிட மோசம் என் நிலை. உள்ளங்கையும் உள்ளங்காலும் வெந்நீர் பட்டது போலச் சிவந்து தோல் உரிந்தன. வேர்த்துக்கொண்டே இருந்தேன். அழுகை ஓயவில்லை. மார்பில் வாய் வைப்பேன், இரண்டு மிடறு இழுப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கண்ணேறு என்றார்கள் சிலர். வேப்பிலை அரைத்துப் பூசு என்றார்கள் சிலர். பெரியம்மாதான், "இது கை வைத்தியத்திலே தீர்றது இல்லே, ஆசுப்பத்திரிக்குக் கிளம்பு" என்றாள். கடைக்குப் பின்னால் இருந்த கரும்புத் தோட்டம் அவர்களுடையது. அவள் கணவர் பல்ராம். மூத்த பெண்கள் இருவர் தென்னிந்தியர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெண் சுஷீலா எனக்குச் சில மாதங்கள் மூத்தவள். பல்ராம் மாட்டு வண்டி பூட்டினார். அத்தா கடையைச் சாத்தினார்.

ஆசுப்பத்திரியில் இருந்தவர் டாக்டர் இலைத்தியா என்ற பிஜிக்காரர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. அவருக்கு இந்தி நன்றாக வரும், அம்மாவுக்கு அரைகுறை. அம்மாவின் வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். பிறகு முகத்தையும் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்கள் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக இருக்கிறதே. முகத்தில் என்ன பூசுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அம்மா சொன்னாள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

தலைநகர் சூவாவில் படித்த காலத்தில், பாதரசக் களிம்பு தேய்க்கப்பட்ட நோயாளிகளுக்கு இதே ஈறும் இதே நடுக்கமும் வந்ததைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். தோலைச் சீக்கிரம் வெளுக்க வைக்கும் ஸ்னோக்கள் சிலவற்றிலும் அதைத்தான் கலக்கிறார்களாம். டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தால் சூவாவுக்கு அனுப்பி நிச்சயமாகத் தெரிந்துகொள்ளலாம், அதுவரை தொடக்கூடாது என்றார்.

அத்தா அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னார். 

"ரசமா? கண்ணாடிக்குப் பின்னாடி பூசுவாங்களே, அந்த ரசமா?"

"அதேதான்."

"அதையா நான் பூசினேன்? பூசின மூஞ்சியோட பிள்ளையைக் கொஞ்சினேனே!"

டாக்டர் என் கைகால்களைத் திருப்பிப் பார்த்தார். தாய்க்கு வந்தது இன்னதென்று சொல்லலாம், குழந்தைக்கு வந்ததும் அதுதான் என்று தன்னால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். ஆனாலும் தோல் வழியாகத் தாயின் உடம்புக்குள் போனது பாலிலும் போகும். அவள் உடம்பு தேறும்வரை தாய்ப்பால் வேண்டாம், மாட்டுப்பாலைக் காய்ச்சிக் கொடுங்கள் என்றார். அம்மா ஓவென்று அழுதாள். அவர் அழ விட்டார். பிறகு சொன்ன ஒரு வார்த்தையை அம்மா சாகும்வரை மறக்கவில்லை: "நல்ல நேரத்தில் வந்துவிட்டீர்கள். இரண்டு பேரும் பிழைப்பீர்கள்." கிளம்பும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே பிஜி வார்த்தையான "வினாக்கா"வைச் சொன்னாள். நன்றி என்று அர்த்தம்.

மாட்டுப்பால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததெல்லாம் வாந்தி. தண்ணீர் கலந்து கொடுத்தார்கள், அதுவும் நிற்கவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தேனாம். மறுநாள் மாலை பெரியம்மா சுஷீலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அம்மா சங்கும் கிண்ணமுமாக உட்கார்ந்திருந்தாள். கை நடுக்கத்தில் பால் பாதி என் கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது.

பெரியம்மா சுஷீலாவைப் பாயில் இறக்கிவிட்டு, என்னை வாங்கி மடியில் போட்டு, முந்தானையை இழுத்து மூடினாள். முதலில் வாய் வைக்கத் தெரியாமல் தவித்தேனாம். பிறகு இழுத்தேன். குடித்தேன். குடித்தபடியே தூங்கிப்போனேன்.

அம்மாவுக்குத் திடீரென்று பயம் வந்தது. "அக்கா, நான் உங்களுக்கும் ஒரு டப்பா கொடுத்தேனே! நீங்க பூசலியே?"

"நான் எங்கடி பூசினேன்? சங்கத்து விழாவுக்குப் போறப்போ பூசலாம்னு எடுத்து வச்சேன். கரும்பு வெட்டறவங்களுக்குச் சோறாக்கவே பொழுது போதலே. மூஞ்சி கழுவவே நேரமில்லே, இதிலே பூசறது எங்க?"

அம்மா அப்போதுதான் சிரித்தாள், பல நாளைக்குப் பிறகு. சிரித்துக்கொண்டே பெரியம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். "விடுடி, பிள்ளை முழிச்சுக்கப் போவுது" என்றாள் பெரியம்மா.

வெளியே அத்தாவும் பல்ராமும் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அண்ணே, உங்க ஆளுங்க ஏதாச்சும் சொல்வாங்களோ? நாங்க வேற சாதி, வேற மதம்..."

"சொல்றவங்க வந்து பால் குடுக்கட்டும் பாய்" என்றார் பல்ராம்.

அன்று முதல் பெரியம்மா கரும்புக் கொல்லைக்குப் போகும் முன்பும் திரும்பிய பிறகும் வந்தாள். இடையில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போவாள். இரண்டு பிள்ளைகளுக்குப் பால் சுரக்க வேண்டுமே என்று, கடையில் இருந்த நல்ல பருப்பும் நெய்யும் பல்ராம் வீட்டுக்குப் போயின. பெரியம்மா வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு நெய் நன்றாக இருக்கிறது என்றாள்.

கடையில் மிச்சம் இருந்த டப்பாக்களை வியாபாரியிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அத்தா பெட்டியில் அடுக்கினார். அம்மா வந்து பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"திருப்பிக் குடுத்தா அவன் என்ன செய்வான்?"

"வேற கடைக்கு விப்பான்."

"அங்க ஒரு சபூரா இருக்க மாட்டாளா?"

அத்தா மண்வெட்டியை எடுத்தார். கிணற்றுக்கும் ஓடைக்கும் எட்டாத மேட்டில் டப்பாக்களைப் புதைக்கக் குழி வெட்டினார். இனி விற்றுப்போனவற்றைத் திரும்ப வாங்க வேண்டும். "நானே போறேன். என் மூஞ்சியைப் பார்த்துத்தானே வாங்கினாங்க" என்றாள் அம்மா. தனியாக நடக்கத் தெம்பில்லை. பெரியம்மா கூடப் போனாள், ஒரு இடுப்பில் நான், மறு இடுப்பில் சுஷீலா.

பெரும்பாலான பெண்கள் அம்மாவின் ஈறைப் பார்த்ததுமே டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். ஒருத்தி, "நானும் பல்லு ஆடுதேன்னு பார்த்தேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கொடுக்க மறுத்தவள் அஸ்மா ஒருத்திதான். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு சூவாவுக்குப் பக்கத்தில், லாமியில். பெண் பார்க்க வந்த மாமியார், "எல்லாம் லட்சணம்தான், நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"நீங்க வெளுத்துட்டீங்க. இப்ப மத்தவங்க வெளுக்கக் கூடாதா?" என்றாள் அஸ்மா.

அம்மா அவள் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினாள். பாதி தரையில் போயிற்று. மீதியை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் ரவிக்கை நனைந்தது. "இதுக்குத்தான் வெளுத்தேன், பாத்துக்க" என்றாள்.

அஸ்மா கண்ணைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் டப்பா வைத்திருந்த பெட்டியைத் திறக்கவில்லை. "கல்யாணம் வரைக்கும்தானே அக்கா. அப்புறம் விட்டுடறேன்."

அப்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தாள். "இதோ பாரு பொண்ணு. கல்யாணமானா நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பொறக்கும். அதுக்குப் பால் குடுக்க நான் லாமி வரைக்கும் வர முடியாது. எனக்கு இங்கேயே ரெண்டு இருக்கு."

அஸ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. பெட்டியைத் திறந்து டப்பாவைக் கொடுத்தாள். அவளுடைய சொந்த நிறத்தோடுதான் அவளுக்கு நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்று பிறகு சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு பெருநாளைக்கும் லாமியிலிருந்து எங்கள் வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் கருவாட்டு மூட்டை வரும். வருஷம் தவறியதில்லை.

சூவாவிலிருந்து பதில் வந்தது. டாக்டர் சந்தேகப்பட்டது சரிதான். அந்த டப்பாவில் பாதரசம் இருந்தது. அடுத்த கரும்பு வெட்டு வருவதற்குள் அம்மாவின் கை நடுக்கம் நின்றது, வீக்கம் வடிந்தது. முகம் பழைய கறுப்புக்குத் திரும்பியது, கண்ணைச் சுற்றி மட்டும் சாம்பல் பூசியது போல ஒரு வளையம் தங்கிவிட்டது. முன்பற்கள் இரண்டு போயின. என் கைகால் ஆறிப் புதுத்தோல் வந்தது. நானும் சுஷீலாவும் பெரியம்மா வீட்டு வாசலில்தான் நடை பழகினோம்.

பிள்ளைக்கு இனி என்ன முறை என்று அத்தா பள்ளிவாசலில் போய்க் கேட்டார். பால் குடித்தவன் பிள்ளைதான், அந்தப் பெண்கள் இவனுக்குக் கூடப்பிறந்தவர்கள்தான் என்று இமாம் சொன்னார். பெரியம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "இதைக் கேக்க இவ்வளவு தூரம் போவணுமா?" என்றாளாம்.

அவளுக்கு ஆண்பிள்ளை பிறக்கவில்லை. சுஷீலா வளர்ந்ததும் அவளைச் சபேட்டோவில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடி வேண்டுமே என்று அங்கிருந்த பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பங்காளி வகையில் யாரையாவது உட்கார வைக்கலாம் என்றார் ஒருவர்.

கல்யாணத்துக்குப் பிறகு சுஷீலா தமிழ் பேசுவது குறைந்துவிட்டது, புகுந்த வீட்டில் இந்திதான். அன்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னாள். "என் அண்ணன் இருக்கான். நபி, வா. உக்காரு."

என்னைவிட மாதங்கள் மூத்தவள் என்னை அண்ணன் என்றதும் கூட்டம் சிரித்தது. நான் போய் மணையில் உட்கார்ந்தேன். பெரியம்மா பேத்தியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அம்மா பக்கத்தில் நின்று குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீரிட்டது. பயத்தில் அதன் கையை நான் இறுக்கிப் பிடித்துவிட்டேன்போல.

"மெதுவாடா" என்றார்கள் இரண்டு தாய்மாரும் ஒரே குரலில்.