சரஸ்வதி பூஜையில் வைத்த ஆம்ப்ளிஃபையர்

கெட்டுப்போன எதையும் விசாலாக்ஷி அப்படியே விட்டுவைக்க மாட்டாள். ஹூஸ்டனில் ஓர் எண்ணெய் ஆலையில் அளவுக்கருவிகளைப் பராமரிக்கும் இன்ஜினியர். வீட்டிலும் அதே வேலைதான். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் அவர்கள் தெருவில் யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அது முதலில் இவள் சமையல் மேடைக்குத்தான் வரும். கணவன் சந்தானம், "நம்ம வீட்ல ஒரு பொருள் நிம்மதியா சாக முடியாது" என்பான். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு மகள் மானஸாவின் கிட்டாரை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. மானஸா வீணை வகுப்பை நட்டாற்றில் விட்டுவிட்டுக் கிட்டாருக்குத் தாவியதில் வருத்தம் இல்லாமலில்லை. ஆனால் கிட்டாரும் வாத்தியம்தானே, சரஸ்வதி கோபித்துக்கொள்ளவா போகிறாள். கூடவே ஆம்ப்ளிஃபையரையும் வைத்துவிடலாம் என்று கராஜுக்குப் போனாள். மானஸாவும் ஸ்கூல் சிநேகிதர்கள் இரண்டு பேரும் அங்கேதான் வாசிப்பார்கள். அதனால் கார்கள் இரண்டும் எப்போதும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஆம்ப்ளிஃபையர், மானஸா யார் வீட்டு கராஜ் சேலிலோ வாங்கிவந்த பழைய பெட்டி. விசாலாக்ஷி பின்பக்கத்தைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கண்ட இடத்தில் கிழிந்து தொங்கியது. பாவம், இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் வாசித்தாள், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் செய்து கொடுத்திருக்க மாட்டேனா என்று இருந்தது. மூளியான பொருளைப் பூஜையில் வைப்பதும் சரியில்லை.

மகள் ஸ்கூலில் இருந்த நேரத்தில் புது ஸ்பீக்கர் வாங்கி மாட்டினாள். அறுந்த ஒயர்களுக்குச் சாலிடர் வைத்தாள், கரகரத்த குமிழ்களைத் துடைத்தாள். பழைய ஸ்பீக்கர் குப்பைத்தொட்டிக்குப் போனது. மறுநாள் காலையில் குப்பை வண்டியும் வந்து போய்விட்டது. பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூப்போட்டு, சுண்டல் நைவேத்தியமும் ஆயிற்று. பூஜைக்கு வைத்த வாத்தியத்தை அன்று தொடக் கூடாது. ஆகவே விஷயம் விஜயதசமி அன்று சாயங்காலம்தான் வெளியே வந்தது.

மானஸா கராஜில் ஒயரைச் சொருகி ஒரு முறை வாசித்தாள். நிறுத்தினாள். குமிழைத் திருப்பி மறுபடி வாசித்தாள். பிறகு பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். விசாலாக்ஷி கதவருகே பாராட்டை எதிர்பார்த்து நின்றிருந்தாள்.

"அம்மா, வாட் டிட் யூ டூ?"

"ஸ்பீக்கர் கிழிஞ்சிருந்துதுடி. புதுசு போட்டேன். எவ்ளோ க்ளீனா கேக்குது பாரு."

"வேர் இஸ் தி ஓல்ட் ஒன்?"

"குப்பைல போட்டாச்சு."

மானஸா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கராஜ் தரையில் உட்கார்ந்து அழுதாள். விசும்பலுக்கு நடுவே ஆங்கிலத்தில் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான்: பெட்டியை விற்ற கிழவர் அறுபதுகளில் ஸ்கூல் பையனாக இருந்தபோது ஒரு பேண்டில் வாசித்தவர். சத்தம் உறுமலாக வரவேண்டும் என்று அந்தக் கூம்பை அவரேதான் ரேஸர் பிளேடால் கிழித்தார். இவர்கள் பாட்டெல்லாம் அந்த உறுமலை நம்பித்தான் போட்டது. வரும் சனிக்கிழமை ஹூஸ்டனில் ஒரு ரெக்கார்ட் கடையில் முதல் கச்சேரி. இனி எதை வைத்து வாசிப்பது?

விசாலாக்ஷிக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்ல ஸ்பீக்கரை வேண்டுமென்றே கிழிக்கிறவனை என்னவென்று சொல்வது. ஆனால் மகள் தன் எதிரில் அழுது எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது. அழுகைக்கு இடம் கொடுக்கிற பெண்ணும் இல்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போகும்போது ஃப்ரீவேயில் அந்த அறுபதுகளின் பேண்டுகளைக் காரில் போட்டுக் கேட்டாள். டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் அப்பா காரை வெளியே தள்ளிவிட்டு கராஜில் வாசித்த பையன்கள். கிட்டாரில் தெரிந்தது மூன்று கார்டு, அதாவது மூன்றே சுரக்கூட்டு, மலிவுப் பெட்டி, மண்டை நிறைய மப்பு. சிலர் ஒரே பாட்டை முடிவில்லாமல் இழுத்தார்கள், சிலர் இரண்டே நிமிஷத்தில் கத்திவிட்டுப் போனார்கள். பத்து வருஷம் கழித்து வந்த பங்க் இசைப் பிள்ளைகள் இவர்களிடமிருந்து நல்லதையா எடுத்துக்கொண்டார்கள்? இந்தக் கிழிசலைத்தான் எடுத்துக்கொண்டார்கள். போகும்போது விசாலாக்ஷியின் காதில் பழுது மட்டும்தான் விழுந்தது. திரும்பி வரும்போது, பழுதை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டில் ஒன்றுமே மிஞ்சாது என்று புரிந்தது. தான் எதைத் தூக்கிக் குப்பையில் போட்டோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

சரி, செய்தது நான், நானே சரிசெய்கிறேன் என்று கராஜில் உட்கார்ந்தாள். ஸ்கேல் வைத்துப் பென்சிலால் கோடு போட்டு, கூரான கத்தியால் சம இடைவெளியில் கூம்பைக் கீறினாள். டப்பாவில் ஈயை அடைத்த மாதிரி சத்தம் வந்தது. இன்னொரு ஸ்பீக்கர் வாங்கிக் கோணத்தை மாற்றிக் கீறினாள். அதே ஈ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேறொரு ஸ்பீக்கரில் அவள் பென்சில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது மானஸா வந்து நின்றாள்.

"ஸ்டாப், அம்மா. யூ ஆர் ஃபிக்ஸிங் இட் அகெய்ன்."

"நாளைக்கு உனக்கு வேணுமா வேண்டாமா?"

மானஸா வழக்கத்துக்கு மாறாகத் தமிழுக்கு வந்தாள். தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "நீ எல்லாத்தையும் ஃபிக்ஸ் பண்ற. என் பல்லு. என் ஹேண்ட்ரைட்டிங். என் தமிழ். என்னை."

விசாலாக்ஷிக்குச் சுரீரென்றது. "ஆமாண்டி, பண்றேன். எனக்கு வேற என்ன தெரியும்? உனக்கு எது புடிக்கும்னு நீ சொல்றதில்ல. உன் ரூம் கதவு எப்பவும் சாத்தியிருக்கு. கிழிஞ்சது ஒண்ணு கண்ல பட்டுது, தெச்சுக் குடுத்தா எங்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுவியேன்னு பாத்தேன். அதுவும் தப்பா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. அதை எடுத்து ஓங்கிக் கூம்பில் குத்தினாள். பென்சில் கோடுகளையெல்லாம் அவள் பார்க்கவில்லை. மறுபடி குத்தி, கீழே வரைக்கும் இழுத்தாள். காகிதம் டர்ரென்று கிழிந்தது. நல்ல பொருள் ஒன்றை அளவும் கணக்கும் இல்லாமல் அவள் கைப்பட நாசம் செய்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. செய்துவிட்டு, இது என் கையா என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மானஸா அந்த ஸ்பீக்கரைப் பெட்டியில் மாட்டினாள். ஒயரைச் சொருகி ஒரு கார்டு வாசித்தாள். அழுது தீர்த்த தொண்டையோடு யாரோ பேசுகிற மாதிரி கரகரத்து எழும்பி, கராஜ் கதவை அதிரவைத்தது.

"பழசு மாதிரி இல்ல" என்றாள் மானஸா.

விசாலாக்ஷி ஸ்பீக்கரைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்தாள்.

"நோ, லீவ் இட். இது வேற." மானஸா இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு, "அந்தப் பக்கமும் ஒண்ணு குத்து" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் ரெக்கார்ட் கடையில் நாற்காலி கிடையாது, எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்டார்கள். சந்தானம் பெருமை தாங்காமல் கோயில் சிநேகிதர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தான். வந்தவர் ஒருவர்தான், கிட்டுசாமி அங்கிள். முதல் பாட்டிலேயே காதைப் பொத்திக்கொண்டார். இரண்டாவது பாட்டில் விசாலாக்ஷி பக்கம் குனிந்து, "ஏம்மா, அந்த ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு போலிருக்கே. நீ கொஞ்சம் பாத்துக் குடுத்திருக்கலாமில்ல?" என்றார்.

விசாலாக்ஷி மகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாத்தாச்சு அங்கிள்" என்றாள். "நான்தான் கிழிச்சேன்."