காணாமல் போகும் கரண்ட்

புவனேஸ்வரனின் வேனுக்கு இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. போன வருடமும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி இருந்தது. அப்போது அது கூரைமேல் சோலார் தகடு. அதைப் போட்டு முடித்ததும் தண்ணீர் பம்ப் சத்தம் போடுகிறது என்றார். பம்பை மாற்றியதும் குளிர்பெட்டி சின்னதாகப் போய்விட்டது. பெரிய பெட்டி வந்ததும் அதற்கு ஈடுகொடுக்க பேட்டரிக்குத் தெம்பில்லை. ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஹமீதா, பொட்டலம் கட்டியபடியே, “அங்கிள், எப்போ ஜாலான், எப்போ கெளம்புறீங்க?” என்று தினமும் கேட்பாள். “இந்த ஒரு வேல முடியட்டும்லா” என்பார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தை நிமிர்த்திக்கொண்டே இருந்தார், ஆடத்தான் இல்லை.

கைவேலை தெரியாதவர் அல்ல. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்றதும் ஒரு சலவைக் கம்பெனி வேண்டாமென்று தள்ளிய வெள்ளை வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை என்று ஒரு குட்டி வீடே கட்டிவிட்டார். மடக்கு நாற்காலி ஒன்றுதான் கேட்டார். ஜோடியாகத்தான் தருவோம் என்று கடைக்காரன் இரண்டைக் கட்டிவிட்டான். கரண்டும் குழாயும் இல்லாத காட்டில், யாரையும் எதற்கும் எதிர்பார்க்காமல் அந்த வேனில் மூன்று நாள் இருக்கலாம். யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பதற்கு அவருக்கு வேன் தேவைப்படவில்லை. ஒன்பதாவது மாடி வீட்டில் அது தானாகவே நடந்துகொண்டிருந்தது.

மனைவி குணவதி இறந்தபோது மகள் சாந்தினிக்குப் பதின்மூன்று வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் வேலை கிடைத்தபோது சாந்தினி போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

“நீங்க தனியா உக்காந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருப்பீங்க. நான் போமாட்டேன்ப்பா.”

“நான் எங்கம்மா வீட்ல இருக்கப்போறேன்? வேன எடுத்துக்கிட்டு காடு காடா சுத்தப்போறேன். நீ இங்க இருந்தாதான் எனக்குத் தொல்ல.”

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் விமானம் ஏறினாள்.

முதல் சனிக்கிழமை நிஜமாகவே போனார். கடல் பாலத்தைக் கடந்து, புக்கிட் மெர்தாஜாம் தாண்டி, கூலிம் பக்கம் செடிம் ஆற்றங்கரை. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகக் கோழி இறக்கை சுட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் மேசை விரித்து, மாகி நூடுல்ஸ் கொதிக்கவைத்து உட்கார்ந்தார். ஒரு மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும்பியது. “இங்க பாரு” என்று சொல்லித் திரும்பினார். திரும்பிய பக்கம் யாரும் இல்லை. பக்கத்துக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒன்று அவரை ஒருமாதிரி பார்த்தது. இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் மடித்துப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். பயந்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்ள வெட்கம். சோலார் இல்லாமல் இது சரிப்படாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அன்று மகள் போன் செய்தபோது, “ராத்திரி ஆத்தங்கரையிலதாம்மா. ஜில்லுன்னு இருக்கு” என்றார். அது முதல் பொய்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது பதினான்கு மாதம் ஓடியது. அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? வாரம் முழுக்க மற்றவர்கள் எடுத்துப் போட்ட கேம்பிங் வீடியோக்களைப் பார்ப்பார். எந்த அருவியில் தண்ணீர் எவ்வளவு ஆழம், எங்கே இருவாச்சிப் பறவை வரும், எங்கே அட்டை கடிக்கும் என்று தாளில் எழுதிக்கொள்வார். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கீழே இறங்கி, வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தி, விசிறியைப் போட்டுக்கொண்டு மகளின் அழைப்புக்காகக் காத்திருப்பார். வீட்டில் இருந்து பேசினால் குரல் எதிரொலிக்கும், கண்டுபிடித்துவிடுவாள் என்று அவ்வளவு ஜாக்கிரதை.

ஒருமுறை அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து, ஹாரனை அமுக்கி, பாப் பாப் என்று அடுக்குமாடியையே எழுப்பிவிட்டார்.

“அங்ககூட ரொட்டி வருதாப்பா?”

“வருதும்மா. காட்டுக்குள்ளயே வர்றாரு. பாவம்லா, பொழப்பு.”

“நல்ல ரொட்டிக்காரர்ப்பா” என்றாள் மகள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியில் இவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“இன்னும் மூணு வருஷம் கான்ட்ராக்ட் குடுக்கிறாங்கப்பா. சைன் பண்ணவா?”

அந்த வாரம் அவர் ஈப்போவுக்கு அப்பால் ஓர் அருவியில் ‘இருந்தார்’.

“பண்ணும்மா! எனக்கென்ன இங்க? வந்து பாரு, எவ்ளோ சந்தோஷமா இருக்கேன்னு.”

வேனின் முன்கண்ணாடிக்கு வெளியே அடுக்குமாடியின் குப்பைத்தொட்டி தெரிந்தது. “சரிப்பா” என்றாள். அடுத்த வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். அன்று மாடிக்குப் போக மின்தூக்கியில் ஏறியவர், பொத்தானை அழுத்த மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கையெழுத்து விஷயம் முடிந்த சில நாளில் புது லித்தியம் பேட்டரி வந்தது. ஒரு வியாழக்கிழமை பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். அன்று ஓர் அதிசயம் நடந்தது. சனிக்கிழமை மட்டுமே பேசும் மகள், வியாழக்கிழமை பட்டப்பகலில் போன் செய்தாள். என்னம்மா என்று பதறினால், “சும்மாதான்பா, உங்க ஞாபகம் வந்துச்சு” என்றாள். அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஹமீதாவிடம் போய், “என் மக போன் பண்ணா, சும்மாவே” என்று சொல்லிவிட்டு, தேவையில்லாமல் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தார்.

புதுப் பேட்டரியோடு வந்த சின்னத் திரைதான் வம்பை ஆரம்பித்தது. அதில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று தெரியும். எல்லாவற்றையும் அணைத்துப் பூட்டிவிட்டுப் போவார், மறுநாள் பார்த்தால் இரண்டு சதவீதம் குறைந்திருக்கும். அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. சமீபத்தில்தான் அடுக்குமாடி நிர்வாகம் கார் நிற்குமிடத்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தது. முன்பெல்லாம் சோலார் தகடு இரவில் போனதைப் பகலில் நிரப்பிவிட்டிருக்கும். இப்போது வெயில் இல்லை, திருட்டு தெரிந்துவிட்டது. பூட்டிய வண்டியில் யாரோ ஓசைப்படாமல் கரண்ட் குடிக்கிறார்கள்.

புவனேஸ்வரனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இது அவருடைய தொழில். ஒரு புதன்கிழமை மதியம், மெயின் சுவிட்சை அணைத்து, இணைப்பு ஒரு நொடிகூட அறுந்துவிடாமல் பேட்டரி கம்பிக்கு நடுவில் மீட்டரை மாட்டினார். பூஜ்யம் காட்டவேண்டிய இடத்தில் எண்பது மில்லி ஆம்ப் என்றது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். விளக்கு, பம்ப், விசிறி, குளிர்பெட்டி. எண்பது எண்பதாகவே நின்றது. அப்படியானால் திருடன் ஃபியூஸ் பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான். கட்டிலுக்கு அடியில் படுத்து, பலகையைக் கழற்றி, டார்ச் அடித்தார்.

மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று மற்ற ஒயர்களோடு ஒட்டிக்கொண்டு போனது. அவர் போட்டதல்ல. அதன் நடுவில் ஒரு குட்டி ஃபியூஸ், முடிவில் தீப்பெட்டி அளவு கறுப்புப் பெட்டி. அதில் பச்சை விளக்கு நிதானமாக மின்னி மின்னி அணைந்தது. நாலு விரலுக்கு ஒருமுறை துணி டேப் சுற்றியிருந்த சுத்தத்தைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. வேனுக்கு முதல்முதல் ஒயரிங் செய்துகொடுத்த சுலைமானுக்குப் போன் போட்டார்.

“அண்ணே, கண்டுபிடிச்சுட்டீங்களா?” என்றார் சுலைமான். குரல் இறங்கிவிட்டது. “சாந்தினி தங்கச்சி பிளைட் ஏர்றதுக்கு மொத நாளு வந்துச்சுண்ணே. அப்பா தனியா காட்டுக்குப் போறாரு, ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்னு அழுவுது. மாட்டிக் குடுத்தேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு.”

“அது என்ன காட்டும்?”

“வண்டி எங்க நிக்குதுன்னு போன்லயே பாக்கலாம்ண்ணே. கரண்ட புடுங்கினா அதுக்கும் மெசேஜ் போகும்.”

“எப்பலேருந்து?”

“அதான் சொன்னேனே. மொத நாள்லேருந்து.”

புவனேஸ்வரன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். முதல் நாளிலிருந்து. அருவி, அட்டை, இருவாச்சி எல்லாவற்றையும் அவர் அளந்துவிட்டபோது, பெர்த்தில் ஒருத்தி கையில் இருந்த போன் வரைபடத்தில் ஒரு புள்ளி ஜெலுத்தோங் கார் பார்க்கில் அசையாமல் நின்றிருக்கிறது. நல்ல ரொட்டிக்காரர்ப்பா என்று சொன்னாளே. வெட்கத்தில் காது சுட்டது. அந்த வியாழக்கிழமை போன் ஞாபகம் வந்தது. அவர் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார், இவளுக்கு மெசேஜ் போயிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கியதை நினைத்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது.

அழுகையோடு கோபமும் வந்தது. குப்பைத்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சந்தோஷமாக இருக்கிறேன் என்று அப்பா சொல்கிறார் என்று தெரிந்தேதான் ‘சரிப்பா’ என்றிருக்கிறாள். தெரிந்தேதான் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கறுப்புப் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கினார். போனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். வரக்கூடாது என்றும் இருந்தது, வராமல் போய்விடுமோ என்றும் இருந்தது.

நான்காவது நிமிடம் மணியடித்தது.

“அப்பா! எப்படிப்பா இருக்கீங்க? சும்மாதான் போன் பண்ணேன்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. அலுவலகத்திலிருந்து வெளியே ஓடிவந்திருக்க வேண்டும். “எங்கப்பா இருக்கீங்க?”

பழக்க தோஷம், ஓர் அருவியின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

“கீழ கார் பார்க்லதாம்மா. எப்பவும்போல.”

பிடுங்கிய ஃபியூஸை உள்ளங்கையில் உருட்டினார்.

“ஃபியூஸ நான்தான் புடுங்கினேன்.”

அவள் அழ ஆரம்பித்தாள். “திட்டுங்கப்பா. தெரியும்னு சொல்லிருந்தா நான் திரும்பி வந்திருக்கணும். எனக்கு வர்றதுக்கு இஷ்டமில்லப்பா. எனக்கு இங்க புடிச்சிருக்கு. அதான் நீங்க சொல்லச் சொல்ல நானும் கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

அந்த வார்த்தை நெஞ்சில் குத்தியது. வலித்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் பதினான்கு மாதத்தில் இருவருக்கும் நடுவே விழுந்த முதல் உண்மையும் அதுதான். புடவை மடிக்க ஆளுக்கொரு முனை பிடிப்பதுபோல இருவருமாகத்தான் அந்தப் பொய்யைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். இவர் மட்டும் விட்டிருந்தாலும் தரையில் விழுந்திருக்கும், அவள் மட்டும் விட்டிருந்தாலும் விழுந்திருக்கும்.

“நீ வரவேணாம்மா” என்றார். அதில் பாதிதான் உண்மை. “கண்ணத் தொடச்சிக்கிட்டு வேலையப் பாரு. ஃபியூஸ நான் திரும்பப் போட்டுடறேன்.”

போட்டார். பச்சை விளக்கு திரும்ப மின்னியது. பலகையை மூடித் திருகாணிகளை முடுக்கினார். எழுந்து வேனைச் சுற்றிப் பார்த்தார். பம்ப், விசிறி, குளிர்பெட்டி, பேட்டரி எல்லாம் ஒழுங்காக இருந்தன. குறை சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்பினார். வெள்ளை வேன் தகரக் கூரையைவிட்டு வெளியே வந்ததைப் பார்த்து ஹமீதா கையில் வாழையிலையோடு அப்படியே நின்றுவிட்டாள். பாலம், புக்கிட் மெர்தாஜாம், கூலிம். அதே செடிம் ஆறு. நாற்காலி ஒன்றை விரித்தார். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் விரித்து, அதன்மேல் போனை வைத்தார்.

ஆறு மணிக்கு அது அடித்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

“தண்ணி நெறைய போகுதாப்பா?”

“முட்டி வரைக்குந்தாம்மா. மழ பேஞ்சு கலங்கலா இருக்கு. நான் சொன்னேனே, கண்ணாடி மாதிரின்னு, அதெல்லாம் இல்ல.”

அவள் சிரித்தாள். சிரிப்போடு மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டது.

“ராத்திரி அங்கயே இருப்பீங்களா?”

“தெரியலம்மா. பயமாதான் இருக்கு. இருட்டட்டும், பாப்போம்.”

பக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்த கடைசிக் குடும்பமும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவர்களுடைய காரின் சத்தம் தேய்ந்து போய், ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“ரொட்டிக்காரர் வந்தாராப்பா?”

புவனேஸ்வரன் நிஜமாகவே காதைக் கொடுத்துக் கேட்டார்.

“இல்லம்மா” என்றார். “இங்க யாருமே வரல.”