முனை கடிபட்ட கேரட்

“எலிதான். சந்தேகமே இல்ல,” என்றாள் சட்டாம்பிள்ளை. “பாருங்க, ஒவ்வொரு கேரட்லயும் முனையில ஒரு கடி. எதையும் முழுசாத் தின்னல. ருசி பார்த்துட்டுப் போயிருக்கு.”

“ருசி பார்க்கிற எலின்னா நல்ல குடும்பத்து எலியாத்தான் இருக்கணும்,” என்றார் சாவிக்காரர்.

“சிரிக்காதீங்க. வெள்ளரிக்காயிலயும் கடி. ஆப்பிள்லயும் கடி. பொறி வச்சேன், பொறியில இருந்த ரொட்டியை மட்டும் தொடல.”

“பழைய ரொட்டி வச்சா எந்த எலி தொடும்?”

மீட்கப்பட்ட சிம்பன்சிகளுக்கான காப்பகம் அது. சமையலறை முழுக்கச் சட்டாம்பிள்ளையின் ஆட்சி. கையைக் கழுவு, முடியை மூடு, முகமூடியை ஏற்று என்று காலையிலிருந்து மாலை வரை சட்டம் பேசியதால் வந்த பெயர். சாவிக்காரர் கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர். அவர் வருவதற்கு முன்னால் இடுப்பிலிருக்கும் சாவிக்கொத்து வந்துவிடும். இவர்கள் இரண்டு பேரும் எலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், மேசையின் கோடியில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா மட்டும் தலை நிமிரவில்லை.

அந்த எலி பெரியம்மாதான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குத் தெரியும்போது தெரியட்டும்.

சம்பளம் வேண்டாம், காய் நறுக்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவள். வயது எழுபதுக்கு மேல். கை சுத்தம், வாய் அடக்கம். ‘இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்’ என்று சட்டாம்பிள்ளையே சொன்னாள். கொடுத்து வைத்ததெல்லாம் வேறு கணக்கு. கூண்டுப் பக்கத்தில் மாப்பிள்ளை என்று எல்லோரும் கூப்பிடும் புது வரவு ஒன்று இருந்தது. பெரியம்மா வளர்த்த பிள்ளை அது.

கப்பலில் வேலை பார்த்த கணவர் ஒரு தடவை அவனைக் குட்டியாகக் கூடையில் துண்டு சுற்றிக் கொண்டுவந்தார். “உனக்குத்தான்,” என்றார். குழந்தை இல்லாத வீடு. சட்டை தைத்துப் போட்டாள். நாற்காலி போட்டுச் சாப்பிட வைத்தாள். உள்ளே வந்தால் கதவைச் சாத்தப் பழக்கினாள். ஒரு பழக்கம் மட்டும் அவன் அவளுக்குப் பழக்கியது: எதைக் கொடுத்தாலும் முதலில் அவள் ஒரு கடி கடித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கடித்துக் கொடுத்தே வளர்த்தாள். கணவர் போனார், அவன் மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தான். கடைசியில் ஒரு நாள் அடுத்த வீட்டுக்காரி குளித்துவிட்டு வந்து பார்த்தால், சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“கதவை ஒழுங்காச் சாத்திட்டுத்தானே உட்கார்ந்திருந்தான்,” என்றாள் பெரியம்மா அதிகாரிகளிடம். “அதுக்குப் போய் அப்படி ஒரு கத்தலா?”

அதிகாரிகள் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு காப்பகம் ஒரு செய்தி வெளியிட்டது: ‘புதிய விருந்தினர் மெல்லப் பழகிவருகிறார்.’

“மெல்லன்னா சாப்பிடலன்னு அர்த்தம்,” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா செருப்பை மாட்டினாள்.

காப்பகத்தில் பழைய வளர்ப்பாளர்களை வாசல் தாண்ட விடுவதில்லை. முகமூடி போட்டுக்கொண்டு வரும் காய் நறுக்குகிறவளை யார் தடுப்பார்கள்? ஆனால் சமையலறை ஆட்கள் கூண்டுப் பக்கம் போகக் கூடாது. நடையில் மாட்டியிருந்த பலகையைத்தான் அவளால் தினமும் பார்க்க முடிந்தது. ‘கொடுமையான சூழலிலிருந்து மீட்கப்பட்டவர். மனித உடைகள் அணிவிக்கப்பட்டு, பல ஆண்டுகள் தனிமையில் அடைக்கப்பட்டிருந்தார்.’

“தனிமையிலயாம்,” என்றாள் ஒரு நாள், வாய் தவறி.

“பாவம்ல?” என்றாள் சட்டாம்பிள்ளை. “எந்தப் பாவி வளர்த்தாளோ.”

“நல்ல பாவியாத்தான் இருப்பா. சட்டையெல்லாம் போட்டு விட்டிருக்காளே.”

“சட்டை போட்டா ஆச்சா? கையைக் கட்டிக்கிட்டு, சுவரைப் பார்த்துக்கிட்டு, சீர் பத்தலைன்னு முறுக்கிக்கிட்ட மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கு. ஒரு வாய் சாப்பிடல. இப்படியே போனா குளுக்கோஸ்தான், அதுவும் எத்தனை நாளைக்குன்னு டாக்டர் சொல்றார்.”

அன்றைக்குத்தான் முதல் கடி. எந்தத் தட்டு அவனுடையது என்று சமையலறையில் யாருக்கும் தெரியாது. அதனால் பெரியம்மா எல்லாவற்றையும் கடித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி முகமூடியை இறக்குவாள், ஒரு கடி, மறுபடி ஏற்றிக்கொள்வாள். இருமல் வந்தவள் மாதிரி இருக்கும்.

ஒரு வாரம் போகவில்லை, சாவிக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “மாப்பிள்ளை சாப்பிட்டுட்டார்! தட்டு காலி!”

“முழுசாவா?” என்றாள் பெரியம்மா.

“தோல்கூட மிச்சமில்ல.”

முகமூடிக்குள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நிர்வாகிக்கோ மகிழ்ச்சி முகமெங்கும் தெரிந்தது. உணவில் கொஞ்சத்தைக் குழாய்க்குள் ஒளித்து வைத்தால் விலங்கு தேடித் தின்று தட்டையும் காலி செய்யும் என்பது அவருடைய திட்டம். குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படம் எடுத்து வெளியிட்டார். ‘குழாய் காத்த உயிர்’ என்று தலைப்பு.

இந்த நேரத்தில்தான் எலி விவகாரம் முற்றி, சட்டாம்பிள்ளை ஒரு கேரட்டை டாக்டரிடம் கொண்டுபோனாள். டாக்டர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எலி இல்லைங்க. எலிக்கு முன்னாடி உளிமாதிரி ரெண்டு பல்லு. இது வரிசையா இருக்கு.”

“குரங்கா?”

“குரங்குக்குக் கோரைப்பல் குத்தும். இது…” அவர் மறுபடி பார்த்தார். “இவ்வளவு சுத்தமான வரிசையை நான் பார்த்ததே இல்ல. ஒரு பல்லுகூட ஏறி இறங்கல. இயற்கையில இப்படி அமையவே அமையாது.”

“இயற்கையில அமையாதுன்னா?”

“கடையில வாங்கினதா இருக்கும்.”

சட்டாம்பிள்ளை சமையலறைக்குத் திரும்பி வந்தாள். மேசையின் கோடியைப் பார்த்தாள்.

“பெரியம்மா, கொஞ்சம் சிரிங்க.”

“சிரிக்க என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல, சிரிங்க.”

பெரியம்மா முகமூடியை இறக்கினாள். முத்துக் கோத்ததுபோலப் பல்வரிசை.

மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். நிர்வாகி வந்தார், டாக்டர் வந்தார், சாவிக்கொத்து வந்தது, பின்னாலேயே அவரும் வந்தார். டாக்டர்தான் சத்தம் போட்டார்.

“உங்களுக்கு ஒரு சளி வந்தா என்ன ஆகும் பெரியம்மா? நாலு தும்மல், ஒரு மாத்திரை. அது இங்க இருக்கிறவங்களுக்குத் தொத்துனா நுரையீரலே போயிடும். உங்க பிள்ளைக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். இத்தனை முகமூடி எதுக்குன்னு நினைச்சீங்க?”

பெரியம்மாவின் முகம் வெளுத்தது. “வீட்ல ஒண்ணும் ஆகலையே.”

“அது உங்க அதிர்ஷ்டம். அடுத்த தடவையும் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது.”

“அப்போ நான் கடிக்கலைன்னா அவன் சாப்பிட மாட்டான். கடிச்சா செத்துப் போவான். என்னை என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

நிர்வாகி தொண்டையைக் கனைத்தார். “இவங்களை உடனே வெளிய அனுப்பணும். விதி அது.”

“அனுப்புங்க,” என்றார் டாக்டர். “ஏன் அனுப்பினோம்னு கேட்டா?”

“கடிச்சதால.”

“கடிச்சதால சாப்பிட்டான்னு ஆயிடுமே. அப்போ குழாய்?”

நிர்வாகி குழாயை நினைத்துக்கொண்டார். பிறகு, “நான் இங்க வரவே இல்லைன்னு வச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

பெரியம்மா கன்னத்துக்குள் நாக்கை விட்டுத் துழாவினாள். பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்து டாக்டரிடம் நீட்டினாள். முகம் சட்டென்று பாதியானது.

“இதை மருந்துத் தண்ணியில போட்டு எடுங்க,” என்றாள், காற்றுப் போகும் குரலில். “கடிக்க நான் வேண்டாமே. பல்லு போதும். நீங்களே அதை வச்சுக் கடிச்சுக்கங்க.”

டாக்டர் நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி கூரையைப் பார்த்தார். கூரையில் ஆட்சேபம் எதுவும் இல்லை.

இப்படியாக, கால்நடை மருத்துவத்தில் மேற்படிப்பு படித்த ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு பல்செட்டை இரண்டு கையாலும் பிடித்து, கேரட்டை ஒவ்வொன்றாகக் கடிக்கத் தொடங்கினார்.

“மெதுவா,” என்றாள் பெரியம்மா. “கோவமா கடிச்ச மாதிரி இருக்கு. நான் ஆசையாத்தான் கடிப்பேன்.”

“இப்படியா?”

“இன்னும் கொஞ்சம் சாய்ச்சு. வலது பக்கம்தான் எனக்குப் பழக்கம்.”

சட்டாம்பிள்ளை இவ்வளவு நேரம் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தவள், திரும்பி வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“இதெல்லாம் யாருக்கு?”

“மாப்பிள்ளைக்கு.”

“கடி இருக்கிற முனையோடயா? நல்லா இருக்கே! எலி கடிச்சதை எவளாவது தட்டுல வைப்பாளா? முதல் நாள்லேருந்தே முனையை எல்லாம் நறுக்கி எறிஞ்சுட்டு, கொதிக்கிற தண்ணியில ஒரு முக்கு முக்கிட்டுத்தானே அனுப்பறேன்.”

டாக்டரின் கையிலிருந்த பல்செட் பாதிக் கடியில் நின்றது.

“ஒண்ணுகூடப் போகலையா?” என்றாள் பெரியம்மா.

“ஒண்ணுகூட.”

டாக்டர் பெருமூச்சு விட்டார், நிம்மதியில். நிர்வாகி நிமிர்ந்து நின்றார். “பார்த்தீங்களா? குழாய்தான்!”

பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. “அப்போ யாரு கடிச்சுக் குடுத்தா அவனுக்கு?” என்று கேட்டாள்.

அது யாருக்கும் தெரியாது. புது வரவு மிரளக் கூடாது என்று, உணவை வைத்துவிட்டு எல்லோரும் விலகிப்போவது அங்கே வழக்கம். காலித் தட்டை எடுக்கத்தான் சாவிக்காரர் திரும்பி வருவார். ஆளாளுக்கு ஒரு காரணத்தை நம்பிக்கொண்டிருந்தார்களே தவிர, அவன் சாப்பிடுவதை ஒருவரும் பார்த்ததில்லை.

“வாங்க,” என்றார் சாவிக்காரர். “கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம். விதி கேட்டா சாவி தொலைஞ்சு போச்சு, தேடினோம்னு சொல்லிக்கலாம்.”

தடித்த கண்ணாடிக்கு அந்தப்புறம் வைக்கோல் பரப்பிய அறை. நிர்வாகியின் குழாய் ஒரு மூலையில் தொங்கியது; மாப்பிள்ளை அதில் சாய்ந்துகொண்டு முதுகு சொறிந்தான். பக்கத்தில் ஒரு கிழட்டுப் பெண் சிம்பன்சி. பெயர் மகாராணி. ஆராய்ச்சிக்கூடத்தில் பல்லெல்லாம் பிடுங்கப்பட்டுத் துரத்தப்பட்டவள். யாரோடும் சண்டை போட மாட்டாள் என்பதால் புதிதாக வருகிறவர்களோடு முதலில் அவளைத்தான் விடுவார்கள்.

மகாராணி ஒரு கேரட்டை எடுத்தாள். ஈறால் மென்றாள், சப்பினாள், முடியவில்லை. எச்சில் வழிய அதை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவன் வாங்கி முகர்ந்தான். பிறகு கடித்தான்.

“அடப்பாவி,” என்றாள் பெரியம்மா. “யாரு கடிச்சாலும் சரின்னு ஆயிட்டியா?”

அவன் மென்றுகொண்டே யோசித்தான். வாயிலிருந்து ஒரு துண்டை எடுத்து, நன்றாக மசிந்திருக்கிறதா என்று பார்த்து, மகாராணியின் உள்ளங்கையில் வைத்தான். அவள் வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

“பெரியம்மா,” என்றார் சாவிக்காரர் மெல்ல, “இப்ப அவன்தான் கடிச்சுக் குடுக்கறான்.”

“தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு, போனது பல்லு மட்டும்தான்.”

முகமூடியை இறக்கிக் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். அவன் திரும்பினான். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தான். பிறகு விரல்களை ஊன்றி நடந்து வந்து, கண்ணாடிக்கு அந்தப்புறம் அவளுக்கு நேரே உட்கார்ந்தான். அவள் கண்ணைப் பார்த்தான். பொக்கை வாயைப் பார்த்தான். உள்ளே குழிந்துபோன அந்த வாயை வெகுநேரம் பார்த்தான். வாயிலிருந்து ஒரு கேரட் துண்டை எடுத்து, மசிந்திருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடியில் அவள் உதட்டுக்கு நேராக வைத்து அழுத்தினான்.

“அடையாளம் தெரிஞ்சுடுச்சு!” என்றாள் சட்டாம்பிள்ளை. மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. சட்டாம்பிள்ளை சட்டப்படி அதை முகமூடிக்குள்ளேயே செய்தாள்.

“என்னை அடையாளம் தெரிஞ்சுதோ,” என்றாள் பெரியம்மா, “இல்ல, பல்லில்லாத கிழவின்னா குடுக்கணும்னு வச்சிருக்கானோ. யாரு கண்டா?”

வெளி முற்றத்தில் மற்ற சிம்பன்சிகள் கூச்சலிட்டன. மகாராணி எழுந்து சிறு கதவு வழியாக முற்றத்துக்குப் போனாள். அவன் கேரட் துண்டைக் கண்ணாடியிலேயே ஒட்டவிட்டு, அவள் பின்னால் போனான். வாசலைத் தாண்டியதும் திரும்பினான். பெரியம்மாவின் கை தானாக உயர்ந்தது. அவன் கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்து, இடைவெளி இல்லாமல் சாத்திக்கொண்டான்.

“இது ஒண்ணுதான் இவன்கிட்ட விசேஷம்,” என்றார் சாவிக்காரர், பெரியம்மாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. “இங்க வேற எவனும் கதவைச் சாத்தறதில்ல. யார் பழக்கினாங்களோ.”

பெரியம்மா உயர்த்திய கையால் முகமூடியை ஏற்றிக்கொண்டாள். “நல்ல பழக்கம்தான்,” என்றாள்.

பெரியம்மா தொடர்ந்து வரலாம் என்று நிர்வாகி அன்றே முடிவு செய்தார். குழாயின் புகழ் குழாயோடு இருக்கட்டும். ஒரே நிபந்தனை: வேலை நேரத்தில் பல்செட் டாக்டரின் அலமாரியில் இருக்க வேண்டும். வாசலில் செருப்பு விடுவதுபோல அவள் பல்லை விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். நடையிலிருந்த பலகையை மாற்றலாமா என்று சட்டாம்பிள்ளை கேட்டாள். ‘கொடுமையான சூழல்’ என்று அச்சடித்தாகிவிட்டது, இனி அப்படியே இருக்கட்டும் என்றார் நிர்வாகி.

மதியம் சாப்பாட்டு நேரம். டாக்டர் கொண்டுவந்து கொடுத்த பல்லை மாட்டிக்கொண்டு பெரியம்மா மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ரொட்டி. வீட்டிலிருந்து அவனை ஏற்றிக்கொண்டு போன நாளிலிருந்து அவள் ஒழுங்காகச் சாப்பிட்டதில்லை. எதை எடுத்தாலும் ஒரு கடி கடித்து நீட்டத்தான் கை போகும், பிறகு தட்டில் வைத்துவிடுவாள். இப்போதும் ரொட்டியின் ஓரத்தில் வரிசையாக ஒரே ஒரு கடி.

சட்டாம்பிள்ளை எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“என்ன, முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? நான் ஒரு கடி கடிச்சுத் தரணுமா?”

பெரியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“உன் பல்லு சொந்தப் பல்லா?”

“சொந்தம்தான்.”

“அப்போ வேண்டாம். வரிசை நல்லா இருக்காது,” என்று சொல்லிவிட்டு, பெரியம்மா ரொட்டியை எடுத்து இரண்டாவது கடி கடித்தாள்.